விளக்கெரியாத வீட்டில் மொழி வாழுமா?

(திங்கட் பொழிவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மொழி எங்கே வாழ்கிறது என்று கேட்டால், நூலில் வாழ்கிறது என்பர் புலவர். மேடையில் வாழ்கிறது என்பர் நாவலர். சட்டத்தில் வாழ்கிறது என்பர் ஆட்சியாளர். மூன்றும் மெய்யே, ஆயினும் முழு மெய் ஆகா. நூலுக்கும் மேடைக்கும் சட்டத்திற்கும் முற்பட்டதாய், அம்மூன்றிற்கும் வேராய், மொழிக்கு ஓர் இருப்பிடம் உண்டு. அது மாலையில் விளக்கேற்றப்படும் வீடு. தாய் பிள்ளையைக் கடிந்துகொள்வதும், பாட்டி பெயர்த்திக்குப் பழமை சொல்வதும், அண்டை வீட்டார் வேலிக்கு அப்பாலிருந்து உப்புக் கேட்பதும் ஆகிய அவ்விடத்திலேதான் மொழி மூச்சு விடுகிறது. வீடு கைமாறினால் மொழி என்னாகும்? ஊரில் பாதி வீடுகள் கைமாறினால் மொழி என்னாகும்? இதுவே இன்றைய உரையின் பொருள்.

இதற்குச் சான்று தேடித் தமிழகத்திலிருந்து நெடுந்தொலைவு செல்லல் வேண்டும். பிரித்தானியத் தீவின் மேலைக் கரையில் வேல்சு என்றொரு சிறுநாடு உண்டு. அதன் வடமேற்கு மூலையில் கடலுக்குள் கை நீட்டினாற்போல் கிடக்கும் தீவக்குறை இலீன் என்பது. அங்குள்ள கடற்கரைச் சிற்றூர்களில் பழைய கல்வீடுகளும், பள்ளிகளும், தொழுகை மன்றுகளும் விடுமுறைத் தங்குமனைகளாக மாறிய வரலாறு, மொழிப்பற்றுடையார் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வரலாறு.

அயலார் எனப் பெயர் பெற்ற மண்ணின் மக்கள்

முதற்கண் அம்மக்களின் பெயரை நோக்குங்கள். ‘வேல்சு’ என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. பின்னர் வந்து குடியேறிய செருமானிய இனத்தார், அம்மண்ணின் பழங்குடிகளைச் சுட்டி ‘அயலார்’ என்னும் பொருளில் இட்ட பெயர் அது. வந்தவன் வீட்டுக்காரன் ஆனான். வீட்டுக்காரன் அயலான் ஆனான்! அம்மக்கள் தம் நாட்டைக் ‘கம்ரி’ என்பர்; அதன் வேர்ப்பொருள் ‘ஒரு நாட்டார்’, ‘உடன் வாழ்வோர்’ என்பது. தம் மொழியைக் ‘கம்ராய்கு’ என்பர். ஆங்கிலம் அத்தீவிற்கு வருமுன்னரே அங்கு வழங்கிய பிரித்தானியப் பழமொழியின் நேர் வழித்தோன்றல் அது.

1536ஆம் ஆண்டுச் சட்டம் நயன்மன்றுகளிலிருந்து அம்மொழியை வெளியேற்றியது. ஆயினும் 1588ஆம் ஆண்டில் வில்லியம் மார்கன் என்பவர் திருமறையை முழுமையாகக் கம்ராய்கில் பெயர்த்து வெளியிட்டார். அரசு புறக்கணித்த மொழியைத் தொழுகை மன்று காத்தது. 19ஆம் நூற்றாண்டில் வேறொரு கொடுமை வந்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டனர். அப்பிள்ளை வேறொரு பிள்ளை தாய்மொழி பேசக் கேட்டால் அத்துண்டு அதன் கழுத்திற்கு மாறும். பொழுது சாயும்போது எவன் கழுத்தில் அது தொங்குகிறதோ அவனுக்குப் பிரம்படி. தாய்மொழி பேசியமைக்குத் தண்டனை மட்டுமன்று. தோழனைக் காட்டிக் கொடுக்கும் பயிற்சியும் அதனுடன் சேர்த்தே கற்பிக்கப்பட்டது.

இத்தனைக்குப் பின்னும் அம்மொழி சாகவில்லை. கரணியம் யாது? மாலையில் பிள்ளை வீடு திரும்பினான். வீட்டில் கம்ராய்கு இருந்தது. பள்ளி பறித்ததை வீடு திருப்பித் தந்தது. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறத்தாழ 9,77,000 பேர் அம்மொழி பேசினர். அது மக்கள்தொகையில் 43.5 விழுக்காடு. 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலோ ஏறத்தாழ 5,38,000 பேர், 17.8 விழுக்காடு. பிரம்படிக் காலத்தில் தாக்குப்பிடித்த மொழி, பிரம்பு ஒழிந்த காலத்தில் தேய்ந்தது! சுரங்கத் தொழிலும் நகர வாழ்வும் ஆங்கில இதழும் வானொலியும் எனக் கரணியங்கள் பல. அவற்றுள் ஒன்று, பேசப்படாத ஒன்று, வீடு போனமை.

வீட்டின் மதிப்பை உணர்ந்தோர் அங்கும் இருந்தனர். இலீன் தீவக்குறையில் பெனிபெர்த்து என்றொரு பழம்பெரு மனை இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பாவாணரைப் புரந்த மனை அது. வான்படையினர்க்குக் குண்டுவீச்சுப் பயிற்சி தருதற்காக அரசு அதனை இடித்துத் தள்ளியது. 1936ஆம் ஆண்டில் சாண்டர்சு இலூயிசு, இலூயிசு வேலன்டைன், டி. சே. வில்லியம்சு என்னும் மூவர் அப்பயிற்சிக் களத்தின் கட்டுமானத்திற்குத் தீயிட்டு, தாமே சென்று காவலரிடம் அறிவித்து ஒன்பது திங்கள் சிறை ஏற்றனர். மூவருமே எழுத்தாளர்.

அச்சாண்டர்சு இலூயிசே 1962ஆம் ஆண்டில் ‘மொழியின் ஊழ்’ என்னும் தலைப்பில் ஒரு வானொலி உரை ஆற்றினார். நிலைமை மாறாவிடின் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்ராய்கு வாழும் மொழியாய் இராது என்று எச்சரித்தார். அவ்வுரையில் அவர் போற்றியது ஒரு தொழிலாளிக் குடும்பத்தை. திரெவர் பீசுலி, எய்லீன் பீசுலி என்னும் கணவன் மனைவியர், வரி கேட்கும் தாள் தம் தாய்மொழியில் வந்தாலன்றி வரி கட்டோம் என்றனர். பன்முறை நயன்மன்றேறினர். அலுவலர் வந்து வீட்டுப் பொருள்களைத் தூக்கிச் சென்றனர், இசைப்பெட்டியும் போயிற்று. ஏறத்தாழ எட்டாண்டுப் போராட்டத்தின்பின் 1960ஆம் ஆண்டில் இருமொழித் தாள் வந்தது. வீட்டில் இருந்த பொருளெல்லாம் போயிற்று. வீட்டில் இருந்த மொழி போகவில்லை! அந்த உரை கேட்டு எழுந்த இளைஞர்கள் அதே ஆண்டில் மொழிக்கழகம் கண்டனர்.

ஒரு வீடு விலைபோகும் வகை

இனி, ஒரு கடற்கரைச் சிற்றூரில் பழைய வீடு எவ்வாறு விடுமுறைத் தங்குமனையாகிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம். இதில் கொடியவன் எவனும் இல்லை. கொடியவன் இல்லாமலே கொடுமை நிகழ்வதுதான் இதன் கடுமை.

மீனவராகவோ கல்லுடைப்பவராகவோ வாழ்ந்த முதியவர் ஒருவர் மறைகிறார். மக்கள் மூவர். ஒருவர் கார்டிபிலும் மற்றவர் இலண்டனிலும் வேலை பார்ப்பவர். வீட்டை மூன்றாகப் பிரிக்க இயலாது. விற்றுப் பணத்தைப் பிரிப்பர். விலை கேட்டு வருகின்றவர் இருவர். ஒருவன் அவ்வூர் இளைஞன். பள்ளியிலோ கடையிலோ பண்ணையிலோ உழைத்துச் சிற்றூதியம் பெறுபவன். மற்றவன் ஆங்கிலப் பெருநகரத்துச் செல்வன். அந்நகரில் முதல் வீடு உடையவன். கோடையில் நான்கு கிழமை தங்குதற்கு இரண்டாம் வீடு தேடுபவன். எவன் வெல்வான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வாங்கியவன் கெட்டவன் அல்லன். கல்லின் அழகை விரும்புகிறான். கடலின் ஓசையை விரும்புகிறான். பழஞ்சுவரைப் பழுது பார்க்கிறான். கூரைக்கு மீண்டும் பலகைக்கல் வேய்கிறான். கட்டடம் பிழைத்துவிடுகிறது! சில காலத்தில், தான் வாராத கிழமைகளில் பிறர்க்குக் குடிக்கூலிக்கு விடுகிறான். ஊரானிடம் ஒரு திங்களுக்குப் பெறும் கூலியைக் கோடை விருந்தினரிடம் ஒரு கிழமையிலேயே பெறலாம் எனக் காண்கிறான். பிறகு பெரிய வீட்டை மூன்று மனைகளாகத் தடுத்து மூன்று பூட்டுப் போடுகிறான். இதைக் கண்ட ஊரான் ஒருவனும், தன் வீட்டில் குடியிருந்த ஊர்க் குடும்பத்தை வெளியேற்றிவிட்டு அவ்வாறே செய்கிறான். விலை மேலும் ஏறுகிறது. இளைஞன் ஊரை விட்டு நகரத்திற்குச் செல்கிறான். அங்கே ஆங்கிலம் பேசும் பெண்ணை மணக்கிறான். அவன் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகின்றனர். ஒரு வீடு விலைபோயிற்று. ஒரு தலைமுறையின் மொழி அதனுடன் போயிற்று.

தொழுகை மன்றுகளுக்கும் இதுவே நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் குயவனும் கொல்லனும் கல்லுடைப்பானும் தம் சிறுகாசு சேர்த்துக் கட்டிய மன்றுகள் அவை. அங்கே மறை ஓதப்பட்டது மட்டுமன்று. எழுதப் படிக்கக் கற்றதும், பாட்டுப் போட்டி நடந்ததும், பேச்சுப் பயின்றதும் அங்கேதான். அரசு பள்ளி வைக்காத மொழிக்கு அவையே பள்ளி. இன்று வருவார் இன்றி மூடிய மன்றுகள் பல விற்கப்பட்டு விடுமுறை மனைகளாயின. உயர்ந்த சாளரம் அப்படியே இருக்கிறது. மேற்கூரை வளைவு அப்படியே இருக்கிறது. ‘பழமை மாறா அழகு’ என விளம்பரம் சொல்கிறது. ஆனால் நூற்றுவர் கூடி நாற்குரலில் பாடிய இடத்தில் இன்று கிழமைக்கொரு குடும்பம் வந்து தங்கிச் செல்கிறது. கூடு இருக்கிறது, குருவி இல்லை.

அபெர்சோக்கு என்னும் ஊரைக் காணுங்கள். சோக்கு ஆறு கடலொடு கலக்கும் கழிமுகம் என்பது அப்பெயரின் பொருள். படகுப் பொழுதுபோக்கிற்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள வீடுகளில் ஏறத்தாழப் பாதி, நிலையாகக் குடியிருப்பார் இல்லாதவை. கோடையில் தெருவில் கால் வைக்க இடமில்லை. பனிக்காலத்து மாலையிலோ வரிசை வரிசையாய் இருண்ட பலகணிகள். ஏறத்தாழ நூறாண்டு நடந்த அவ்வூர்த் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளின் தொகை பத்துக்கும் கீழே இறங்கியது. 2021ஆம் ஆண்டு இறுதியில் பள்ளி மூடப்பட்டது. அது கம்ராய்கு வழியாகக் கற்பித்த பள்ளி! எந்த அரசும் அம்மொழிக்கு அங்கே தடை விதிக்கவில்லை. கழுத்தில் மரத்துண்டு கட்டிய ஆசிரியர் எவரும் இல்லை. பிள்ளைகள் இல்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் ஏன் இல்லை? குடியிருக்க வீடு இல்லை.

பெயர்களும் இவ்வாறே போகின்றன. போர்த்தோர் என்னும் கடற்கரை, அதன் மணல் காலடியில் ஓசை எழுப்புதலால், ஆங்கிலத்தில் ‘சீழ்க்கை மணல்’ ஆயிற்று. வீடு வாங்கியோர் பலர், நாவில் நுழையவில்லை என்று பழம்பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டுத் தமக்கு இனிய ஆங்கிலப் பெயரை மாட்டினர். ஒரு வீட்டின் பெயரில் அதனருகே ஓடிய ஓடையின் பெயர் இருக்கும். நின்ற மரத்தின் பெயர் இருக்கும். உழுத குடியின் பெயர் இருக்கும். பலகை மாறினால் அவ்வளவும் மறையும். ஊர்ப்பெயர் வரலாற்றின் முதலேடு என்பதை இவ்வவையினர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

நெருப்பும் சட்டமும்

இதனை அம்மக்கள் பார்த்துக்கொண்டு வாளா இருந்தனரோ எனின், இல்லை. 1979ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் விடுமுறை வீடுகள் தீப்பற்றத் தொடங்கின. 1990களின் தொடக்கம் வரை ஏறத்தாழ இருநூறு வீடுகளுக்குத் தீயிடப்பட்டது. ‘கிளிந்தூரின் மைந்தர்’ என்னும் மறைவுக் கூட்டத்தார் அதற்குப் பொறுப்பேற்றனர். அந்நெருப்பைப் போற்றுதற்கு யாதும் இல்லை. எரிந்தது எவருடைய வீடு? முன்னோர் கல் சுமந்து கட்டிய வீடு! எரிந்த வீட்டில் ஊரான் குடியேறினானா? இல்லை. விலைதான் இறங்கிற்றா? அதுவும் இல்லை. சினம் உண்மையானது, வழி பிழையானது.

சட்டத்தின் வழி மெதுவாய் வந்தது. 1967, 1993, 2011 ஆகிய ஆண்டுகளில் படிப்படியாய் வந்த சட்டங்கள் மொழிக்கு அலுவல் நிலை தந்தன. 2020ஆம் ஆண்டில், வீட்டுச் சிக்கலை உணர்த்துதற்காக நெவின் ஊர் மன்றத்தினர் தம் ஊரிலிருந்து கயர்னார்வன் நகரிலுள்ள மாவட்ட மன்றம் வரை 20 கல் தொலைவு நடந்தே சென்றனர். ‘கம்ரி விற்பனைக்கன்று’ என்னும் முழக்கம் மீண்டும் எழுந்தது. 2023 ஏப்பிரல் முதல், இரண்டாம் வீட்டிற்கு மும்மடங்கு வரை மிகைவரி விதிக்கும் உரிமையை வேல்சு அரசு மன்றங்களுக்கு அளித்தது. குவினெத்து மாவட்ட மன்றம் ஒன்றரை மடங்கு மிகைவரி விதித்தது. ஆண்டில் 182 நாள் உண்மையாகவே குடிக்கூலிக்கு விடப்பட்டாலன்றி ஒரு வீட்டைத் தங்குதொழில் இடமாகக் காட்டி வரிச்சலுகை பெறவும் இயலாது என்றாயிற்று. 2024 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, குடியிருப்பு வீட்டை இரண்டாம் வீடாகவோ விடுமுறை மனையாகவோ மாற்ற மன்றத்தின் இசைவு வேண்டும் என்னும் ஆணையையும் அம்மாவட்டம் நடைமுறைப்படுத்தியது. வீட்டுடைமையாளர் சிலர் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். சிலவற்றைச் சட்டத்தால் தடுக்கலாம். ஆனால் மூடிய பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தச் சட்டத்தால் இயலுமோ?

நெருப்பும் அன்று, சட்டம் மட்டும் அன்று; மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதனை அதே இலீன் தீவக்குறையின் வடகரையில், மலையடிவாரத்தில் காணலாம்.

நாந்து குர்த்தெயிரன்

‘நாந்து’ என்றால் ஓடை ஓடும் பள்ளத்தாக்கு. குர்த்தெயிரன் என்பவன் பகைவர்க்கு அஞ்சி வந்து அங்கே ஒளிந்ததாகப் பழங்கதை கூறும் ஐந்தாம் நூற்றாண்டு வேந்தன். மும்முடி மலையாகிய எய்வலின் அடியில், செங்குத்தாய்க் கடலுக்கு இறங்கும் பள்ளத்தாக்கு அது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் கருங்கல் உடைக்கும் தொழில் பெருகியது. உடைத்துச் சதுரமாக்கிய கற்கள் கப்பலேறி இலிவர்ப்பூல், மான்செசுட்டர் முதலிய நகரத் தெருக்களுக்குத் தளமாயின. தொழிலாளர்க்கென இரு வரிசைக் கல்வீடுகள் எழுந்தன. ஒரு வரிசை கடலை நோக்கியது. அதற்குத் ‘திரெம் அ மோர்’, அதாவது கடல்நோக்கு என்று பெயர். மற்றது மலையை நோக்கியது. அதற்குத் ‘திரெம் அ முனித்து’, அதாவது மலைநோக்கு என்று பெயர். தொழுகை மன்றும் கடையும் பள்ளியும் உண்டாயின.

பின்னர்க் கீல்சாலை வந்தது. கற்றளத்திற்குத் தேவை குறைந்தது. இரண்டாம் உலகப் போரையொட்டித் தொழில் நின்றது. ஒவ்வொரு குடும்பமாக மலையேறிச் சென்றது. 1950களின் இறுதியில் ஊர் வெறுமையாயிற்று. கூரை சரிந்தது, கதவும் தளப்பலகையும் பெயர்ந்து விறகாயின, அடுக்களையில் ஆடுகள் படுத்தன. பள்ளத்தாக்கு முழுவதும் பாழ்.

1970ஆம் ஆண்டில் அருகிலுள்ள இலானேல்கயார்ன் என்னும் சிற்றூருக்குக் கார்ல் கிளௌசு என்னும் மருத்துவர் வந்தார். மான்செசுட்டரில் வளர்ந்தவர், கம்ராய்கைத் தாமே முயன்று கற்றவர். வந்த இடத்தில் பிள்ளைகள் குறைவதையும் பள்ளி மூடப்படும் நிலையில் இருப்பதையும் கண்டார். வேலையின்மையே நோயின் வேர் எனக் கண்டு, 1974ஆம் ஆண்டில் ஊரார் பங்கு சேர்த்து நடத்தும் கூட்டுறவு ஒன்றை ஊரில் எழுப்பினார். அடுத்து அவர் கண் அந்தப் பாழூரின்மேல் பட்டது. மொழிச்சட்டத்தால் கம்ராய்கு அறிந்த பணியாளர் தேவைப்படுகின்றனர். கற்பிக்கும் இடமோ இல்லை. இங்கே வெற்று வீடுகள் இரண்டு வரிசை கிடக்கின்றன. இரண்டையும் இணைத்தால் என்ன?

ஓர் அறக்கட்டளை அமைந்தது. கல்லுடைப்புக் குழும்பினரிடமிருந்து 1978ஆம் ஆண்டில் 25,000 பவுனுக்கு ஊர் வாங்கப்பட்டது. எளிய மக்கள் காசு தந்தனர். தந்தவர் பலர் கைவேலையும் தந்தனர். மின்னாற்றல் இல்லை, நல்ல சாலை இல்லை, செங்குத்தான தடத்தில் ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு பலகைக்கல்லும் இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு வீடாய்க் கூரை ஏறியது. 1982ஆம் ஆண்டில் முதல் மொழி வகுப்பு நடந்தது. அன்றுமுதல் பல்லாயிரவர் அங்கே தங்கிக் கம்ராய்கு கற்றுச் சென்றனர். 2021ஆம் ஆண்டில் கிளௌசு மறைந்தார். அவர் மீட்ட ஊர் மறையவில்லை.

இங்கே ஒன்றை நுணுகி நோக்குங்கள். அக்கல்வீடுகளும் இன்று தங்குமனைகளே! கடல் காண வருவோர்க்கும், மணவிழாவுக்கு வருவோர்க்கும், ஓய்வு நாடுவோர்க்கும் அவை குடிக்கூலிக்கு விடப்படுகின்றன. அபெர்சோக்கிலும் கல்வீடு, இங்கும் கல்வீடு. அங்கும் விருந்தினர், இங்கும் விருந்தினர். அங்கும் கடல், இங்கும் கடல். வேறுபாடு யாது? மூன்று.

ஒன்று, திறவுகோல் எவர் கையில் என்பது. அங்கே அது வெளியூர்த் தனியொருவர் பையில். இங்கே அது மக்கள் அறக்கட்டளையின் சுவராணியில். இரண்டு, கூலிப்பணம் எங்கே போகிறது என்பது. அங்கே அது மறுநாளே நகரத்திற்குச் செல்கிறது. இங்கே அது அவ்வட்டாரத்தார்க்கு ஊதியமாகவும் மொழி வகுப்பிற்கு முதலாகவும் அங்கேயே சுழல்கிறது. மூன்று, வீட்டின் மொழி எது என்பது. அங்கே விருந்தினனுக்காக வீடு தன் மொழியை விடுகிறது. இங்கே வீட்டின் மொழிக்கு விருந்தினன் செவி சாய்க்கிறான். பலகை கம்ராய்கு, வரவேற்பு கம்ராய்கு, உணவு பரிமாறுவார் பேசுவது கம்ராய்கு. தெரியாதவனை எவரும் இழிப்பதில்லை. ஆயினும் காலையில் வணக்கம் சொல்லவும் மாலையில் நன்றி சொல்லவும் கற்காமல் எவனும் மலையேறுவதில்லை.

இதனால், சுற்றுலாவே மொழிக்குப் பகை என்று கூறுதல் பொருந்தாது. ‘விருந்தினர் வருவதால்தானே பிழைப்பு, அவர்களைத் தடுத்தால் பட்டினியன்றோ?’ என்று கேட்பார் உளர். கேள்வி நேரியது. விடையும் நேரியதே: விருந்தினர் வரட்டும், வீடு வீட்டாருடையதாய் இருக்கட்டும். வந்தவர்க்கு இலை போடுவது விருந்தோம்பல்; அடுப்பையே எழுதிக் கொடுப்பது விருந்தோம்பல் அன்று.

ஆயினும் மிகைபடக் கூறலாகாது. நாந்து குர்த்தெயிரன் ஒரு பயிலகம்; முன்போல் குடும்பங்கள் நிறைந்த ஊர் அன்று. கற்க வந்தோர் கற்றுத் திரும்புகின்றனர். அவர்கள் திரும்பிச் செல்லும் இடத்தில் அம்மொழியைப் பேச ஒரு தெரு வேண்டும். ஒரு கடை வேண்டும். ஒரு வீடு வேண்டும். 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் குவினெத்து மாவட்டத்தில் 64.4 விழுக்காட்டினர் கம்ராய்கு பேசினர். நாடு முழுவதும் 17.8 விழுக்காடாகத் தேய்ந்தபோதும் அங்கே மூவருள் இருவர் அளவிற்கு நிற்பது, இன்னும் அத்தெருக்களில் விளக்கெரிவதால்தான். 2050ஆம் ஆண்டிற்குள் பத்து நூறாயிரவர் அம்மொழி பேச வேண்டும் என்று வேல்சு அரசு குறிக்கோள் வகுத்துள்ளது. வகுப்பறையில் அத்தொகையை ஆக்கிவிடலாம், வாழவைப்பது வீடே.

அப்பள்ளத்தாக்கில் வழங்கும் கதை ஒன்று உண்டு. மீனிர் என்னும் மணமகள், மணநாளன்று அவ்வூர் மரபுப்படி விளையாட்டாக ஒளிந்துகொள்கிறாள். பட்டுப்போன கருவாலி மரமொன்றின் பொந்தில் இறங்கியவளால் மீள இயலவில்லை. மணமகன் இரீசு தேடித் தேடிச் சித்தம் கலங்குகிறான். பல்லாண்டு கழித்து இடி விழுந்து மரம் பிளக்கிறது; உள்ளே மணக்கோலத்தில் எலும்புக்கூடு! வெளியே மரம் நிற்கிறது என்பதனால் உள்ளே உயிர் இருக்கிறது என்று எண்ணிவிடலாகாது. புறச்சுவரைப் புதுக்கிப் பொலிவூட்டிய பழங்கட்டடங்கள் பலவும் அம்மரம் போன்றவையே.

தமிழர்க்கு வரும் படிப்பினை

இச்செய்தி தமிழர்க்கு எதற்கு என்று எவரேனும் வினவின், தரங்கம்பாடிக்கு ஒருமுறை சென்று வருக என்று விடை கூறலாம். கல்வெட்டில் சடங்கன்பாடி என விளங்கிய ஊர். பின்னர் ‘தரங்கம்’ என்னும் வடசொல் ஏறிய ஊர். 1620ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்கரின் இசைவுடன் தேனியர் கோட்டை எழுந்த ஊர். 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி வெளிவந்த ஊர். 1845ஆம் ஆண்டில் ஊரார் எவரையும் கேளாமல் தேனியர் ஆங்கிலர்க்கு விற்ற ஊர். அங்கும் கடலோரப் பழமனை விருந்தினர் தங்கும் இல்லமாயிற்று. செட்டிநாட்டில் பெருமனைகள் பல அவ்வாறே ஆயின. இடிந்து போகாமல் கட்டடம் காக்கப்படுவது நன்றே. அதில் குறைகூற ஒன்றும் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டாக வேண்டும். வாயிற்பலகையில் தமிழ் உண்டா? அறையின் பெயர் தமிழா? உணவுப் பட்டியலில் குழம்பு குழம்பாகவே இருக்கிறதா? தங்கிச் செல்லும் அயலவன் ஒரு தமிழ்ச் சொல்லேனும் கற்றுச் செல்கிறானா? அக்கடற்கரைப் பரதவன் மகன் அவ்வூரிலேயே வீடு கட்ட வழி உண்டா?

தமிழ் எட்டுக் கோடி மக்களின் மொழி. ஐந்து நூறாயிரவர் பேசும் மொழிக்கு வந்த இடர் அதற்கு வாராது என்று சிலர் இறுமாந்திருப்பர். வீடு வீடாகவே மொழி போகிறது. கோடி கோடியாகப் போவதில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே மொழியை வெளியேற்றும் திறமும் தமிழனுக்கு உண்டு. ஊரில் வீடிருந்தும் அவ்வீட்டில் பிள்ளையிடம் தமிழ் பேசாத தாய்தந்தையர், தம் வீட்டையே விடுமுறை மனையாக ஆக்கிக்கொண்டவர். அங்கே உறங்குவோர் உண்டு, குடியிருப்போர் இல்லை.

ஆகவே, தமிழன்பர்களே! இக்கூட்டம் முடிந்து ஒவ்வொருவரும் வீடு திரும்புவீர்கள். வாயிலில் நின்று பெயர்ப்பலகையைப் பாருங்கள். அது தமிழா எனக் கேளுங்கள். உள்ளே சென்று பிள்ளைகள் பேசுவதைக் கேளுங்கள். அது தமிழா எனக் கேளுங்கள். ஊரில் பாழாய்க் கிடக்கும் மூதாதையர் மனை ஒன்று உங்களுக்கு இருக்குமாயின், அதனை விலை பேசுமுன் ஒருமுறை அந்த மருத்துவரை எண்ணுங்கள். கூரையற்ற இரு வரிசைப் பாழ்வீடுகளைக் கண்டு, ‘இங்கே மொழி குடியேறும்’ என்று அவர் நம்பினார். கூரையுள்ள வீட்டை வைத்துக்கொண்டு நம்பிக்கையற்று இருப்பது தமிழர்க்கு அழகன்று.

விளக்கை ஏற்றுங்கள்; வீட்டில் தமிழ் பேசுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்க்குடி!